கல்லடியா, அறுகம்பையா, களரியா: ஓரிரவுக் காதல் படத்துக்கு எது தோது?

ஏ.எல். எழுதி முடித்த ஒரு பொடியனும் ஒரு பிள்ளையும் ஓர் இரவில் தற்செயலாகச் சந்திக்கிறார்கள். பாட்டால் நெருங்கி, ஊரெல்லாம் சுற்றி, விடியும்போது வீட்டுக்குப் போக மனமில்லாமல் நிற்கிறார்கள். இப்படி ஒரு கதை எங்கள் குறும்படக் குழுவில் எழுதிக் கிடக்கிறது. நடிக்க ஆட்கள் இருக்கிறார்கள், கமராவும் கிடைத்துவிட்டது, படம் 25 நிமிடத்தைத் தாண்டக்கூடாது என்பதிலும் எல்லாருக்கும் ஒரே கருத்து. எந்த இரவில், எந்த இடத்தில் நடப்பது என்பதில்தான் இழுபறி. ஆளுக்கு ஓர் இடம் சொல்கிறார்கள். மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் இதே மாதிரிக் கதையோடு நிற்கும் வேறு குழுக்களும் இருக்கும் என்பதால் எங்கள் கணக்கை இங்கே விரித்து வைக்கிறேன்.

இந்த வகைக்குப் பொடியன்மார் முதலில் காட்டும் உதாரணம் 2008 இல் வந்த ‘நிக் அண்ட் நோராஸ் இன்ஃபினிட் பிளேலிஸ்ட்’. நியூயோர்க்கில் ஒரே இரவு. எங்கே பாடப் போகிறோம் என்று சொல்லாமல் ஒளித்து விளையாடும் ஓர் இசைக்குழுவைத் தேடி அலைகிறார்கள். வெறியில் தொலைந்துபோன தோழியையும் தேடுகிறார்கள். பொடியனுடைய மஞ்சள் யூகோ காரை வாடகைக் கார் என்று நினைத்து யார் யாரோ ஏறிக் குந்துகிறார்கள். அதைப் பார்த்த எங்கள் ஆட்களுக்கு மனதில் நின்றது மதுச்சாலைகளும் வண்ண வெளிச்சங்களும். ஆனால் அந்தக் கதையில் குடித்துவிட்டு அட்டகாசம் பண்ணுவது தோழி மட்டும்தான். கதையை இழுத்துப் போகும் இரண்டு பேரும் தெளிவாகத்தான் இருக்கிறார்கள். மதுச்சாலையைக் கழற்றிவிட்டாலும் அந்தக் கதை நிற்கும். தேடலைக் கழற்றினால் பொத்தென்று விழுந்துவிடும்.

ஆகவே, ஓர் இடம் தோதா இல்லையா என்று பார்க்கும்போது, விடியுமுன் தேடிப் பிடிக்க அங்கே என்ன இருக்கிறது என்று முதலில் கேட்கிறேன். அங்கே ஒலிக்கும் பாட்டு எங்கள் பாட்டா, காசு கொடுக்காமல் பயன்படுத்தலாமா என்பதையும் பார்க்க வேண்டும். எல்லாவற்றையும் விட முக்கியம், இந்தப் பிள்ளை இந்த நேரத்தில் இங்கே நிற்பதற்கு என்ன சாட்டு என்பது. நியூயோர்க் கதையில் இதை யாரும் கேட்பதில்லை. மட்டக்களப்பில் படம் பார்க்கிற முதல் அம்மா முதல் நிமிடத்திலேயே கேட்பார். எங்கள் பெற்றோரின் இளமையில் இரவு என்றால் ஆறு மணிக்குக் கதவைச் சாத்துவது, சுற்றிவளைப்புக்குக் காது கொடுப்பது. 2009 இல் சண்டை முடிந்தாலும் “எங்க நிக்கிற?” என்று போனில் கேட்கும் குரலில் அந்தப் பயம் இன்னும் மிச்சம் இருக்கிறது. இதைக் கணக்கில் எடுக்காமல் எழுதினால் பிள்ளை மட்டக்களப்புப் பிள்ளையாக இருக்கமாட்டாள்.

அறுகம்பையை முதலில் முடித்துவிடுகிறேன், ஏனென்றால் அதில் எனக்குப் பெரிய மயக்கம் இல்லை. கிழக்கில் ‘நைட் லைஃப்’ என்று உல்லாசப் பயணிகள் சொல்லும் ஒன்று உண்மையில் இருப்பது அங்கேதான். சித்திரைக்குப் பிறகு ஐப்பசி வரைக்கும் அலைச்சறுக்கு ஆட்கள் வந்து குவிவார்கள், கடற்கரையில் இரவிரவாக இசை போகும். படம்பிடித்தால் வெளிச்சம் தானாகவே அழகாக விழும். ஆனால் மட்டக்களப்பிலிருந்து பொத்துவில் 100 கிலோமீற்றருக்கு மேல். குழு முழுக்கத் தங்க வேண்டும், அதுவும் சீசன் விலையில். இலங்கையில் 21 வயதுக்குக் குறைந்தவருக்கு மது விற்க முடியாது, எங்கள் கதாபாத்திரங்களுக்கோ வயது 19. மதுச்சாலை வாசலில் கதை முட்டி நின்றுவிடும். இதையெல்லாம் சமாளித்தாலும், எங்கள் பிள்ளை அங்கே போனதற்கு எந்தச் சாட்டும் நம்பும்படியாக இல்லை. கல்முனையில் ரியூஷன் என்று சொல்லிவிட்டு வந்தாளாம்! அங்கே உணவகத்தில் வேலை செய்யும் ஒரு பொத்துவில் பொடியனின் கதை என்றால் சங்கதி வேறு, அதை யாராவது கட்டாயம் எடுக்க வேண்டும். அது எங்கள் கதை இல்லை.

கல்லடியைத் தள்ளுவது இவ்வளவு சுலபமில்லை. குழுவில் பாதிப்பேர் கல்லடிக் கட்சி. 1924 இல் திறந்த பழைய இரும்புப் பாலமும், 2013 இல் அதன் பக்கத்தில் வந்த புதுப் பாலமும், கீழே வாவியும், அங்கால கடற்கரையும் வேறெங்கும் கிடைக்காத சட்டகம். பொழுதுபட்டால் சனம் காற்று வாங்க வரும் இடம். ஐஸ்கிரீம் வான், கொத்துக் கடை, மணலில் குந்திப் பாடும் கூட்டம் எல்லாம் செலவில்லாமல் கிடைக்கும். எங்கள் ஒலிப்பதிவுக்காரர் மட்டும் முகம் சுளிக்கிறார். புதுப் பாலத்தில் வாகனம் ஓயாது, கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் மைக்குக்கு எந்த உறை போட்டாலும் வசனம் காற்றில் போய்விடும் என்கிறார். வசனத்தைப் பிறகு அறையில் பதிந்து ஒட்டலாம்தான். ஆனால் புதுமுகங்கள் சொந்த உதட்டுக்கே திரும்பக் குரல் கொடுக்கிறபோது நகைச்சுவையின் வேகம் செத்துவிடும்.

கல்லடியில் எனக்கு வேண்டியது கடற்கரை இல்லை, வாவி. சித்திரையிலிருந்து புரட்டாதி வரையான மாதங்களில், நிலவு இரவில் பாலத்துக்குக் கிட்டத் தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு நுனியைத் தண்ணீரில் விட்டு மறு நுனியைக் காதில் வைத்துக் கேட்பதுதான், வாவிக்கு அடியிலிருந்து வரும் ‘பாடும் மீன்’ ஒலியைக் கேட்கும் முறை. 1848 இல் இங்கே வந்த பிரித்தானிய அதிகாரி எமர்சன் டெனன்ட், வைன் கோப்பையின் விளிம்பை ஈரவிரலால் தேய்த்தால் எழும் ஒலியோடு அதை ஒப்பிட்டு எழுதியிருக்கிறார். புனித மிக்கேல் கல்லூரியில் பணியாற்றிய அமெரிக்க இயேசு சபைக் குருமார் அதை ஒலிப்பதிவே செய்தார்கள். விபுலாநந்த அடிகள் அந்த இசையை நீரரமகளிர் பாடுவதாகக் கண்டு பாட்டெழுதினார். இந்த வகைப் படங்களில் ஒரே பாட்டை இரண்டு பேர் ஆளுக்கொரு இயர்போனில் கேட்கும் காட்சி எப்படியும் வரும், பார்த்துப் பார்த்துப் புளித்தும் போயிற்று. இங்கே இரண்டு பேருக்கும் ஒரே துடுப்பு. அவன் கேட்டுவிட்டுக் கொடுக்கிறான், அவள் காதில் வைக்கிறாள்.

“என்ன, கேக்குதா?”

“உன்ட மூச்சுத்தான் கேக்குது. கொஞ்சம் அங்கால தள்ளு.”

மீன் பாடினாலும் பாடாவிட்டாலும் காட்சி வேலை செய்யும். சத்தத்துக்கு டெனன்ட் சொன்ன வழியே போதும்: கண்ணாடிக் கோப்பை ஒன்று, கொஞ்சம் தண்ணீர், ஒரு விரல். ஆனால் இது ஒரு காட்சிதான். முழு இரவையும் கல்லடி தாங்காது. ஒன்பது மணிக்குப் பிறகு ஒரு பிள்ளை அந்தக் கடற்கரையில் நிற்க ஒரு சாட்டும் இல்லை. அந்த ஒரு காட்சியைப் பூரணையில் எடுத்தால் இன்னொரு வசதி உண்டு: போயா விடுமுறை என்பதால் மதுக்கடை எல்லாம் பூட்டு, வெறிகாரர் தொல்லை குறையும்.

வெபர் மைதானத்தில் நடக்கிற மாதிரி ஒரு பெரிய மியூசிக்கல் ஷோவை வைத்து எழுதலாம் என்றும் ஒருவர் சொன்னார். கூட்டத்தைக் காட்டுவதற்கே எங்கள் முழுக் காசும் போய்விடும். அதோடு ஒலிபெருக்கிச் சட்டம் இருக்கிறது. 2007 இல் உயர் நீதிமன்றம் கொடுத்த தீர்ப்புக்குப் பிறகு இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்கு அனுமதி கிடையாது, விசேட நிகழ்வுகளுக்கு மட்டும் நிபந்தனையோடு விலக்கு. கதை சூடு பிடிக்கிற நேரத்தில் மேடையில் வயரைச் சுற்றிக்கொண்டிருப்பார்கள்.

அடுத்தது பறங்கியர் கலியாண வீடு. இதைச் சொன்னது குழுவிலேயே இளைய பிள்ளை, யோசனை கெட்டிக்காரத்தனமானது. போர்த்துக்கேயர் இங்கே கோட்டை கட்டியது 1628 இல், அதை ஒல்லாந்தர் பிடித்தது 1638 இல். போர்த்துக்கேயரின் ஆட்சி பத்து வருடம்தான், ஆனாலும் அவர்கள் விட்டுப்போன மொழியின் கலப்பும், வயலினும் றபானும் சேர்ந்த கஃப்ரிஞ்ஞா ஆட்டமும் டச்பாரிலும் மாமாங்கத்திலும் இன்றைக்கும் இருக்கின்றன. கலியாண வீடு என்றால் சாட்டு கேட்கவே தேவையில்லை, அம்மாவும் கூடவே வருவார். ஆட்டத்தில் சோடி மாற்றி மாற்றிக் கைகோக்கும்போது காதலுக்கும் பகிடிக்கும் இடம் தாராளம். எனக்கு இருக்கும் தயக்கம் ஒன்றே ஒன்று. அது சின்னச் சமூகம். அவர்கள் வீட்டுக் கலியாணத்தைப் பின்னணி அலங்காரமாக வைத்துக்கொண்டு முன்னால் எங்கள் இரண்டு பேரும் காதலிப்பது சரியாகப் படவில்லை. அந்தப் பிள்ளையோ பொடியனோ அந்தச் சமூகத்து ஆளாக இருந்து, கதையையும் அவர்களில் ஒருவர் சேர்ந்து எழுதினால் இதுதான் முதலிடம். எங்கள் குழுவில் அப்படி ஆள் இல்லை. கடன் கேட்டுப் பத்து நிமிடம் உள்ளே போய் வரலாம், குடியிருக்க முடியாது.

என் வாக்கு கூத்துக் களரிக்கு, அதாவது ஊர் சுற்றிக் குந்தியிருக்க விடியும் வரை கூத்து ஆடும் களத்துக்கு. இதைச் சொன்னதும் அறையில் ஒரு முனகல் எழுந்தது. “கூத்தா? அது அம்மம்மாமார் பார்க்கிறது” என்றார்கள். அதுதான் காரணம் என்றேன். அம்மம்மா பாயை விரித்துக் குந்தியிருக்கும் இடத்துக்குப் பேத்தி போவதற்கு எந்த அப்பாவும் தடை சொல்லமாட்டார். இரவு ஒன்பதுக்குத் தொடங்கி விடியும் வரை ஒரு பிள்ளை வெளியே நிற்கலாம், ஊருக்கே தெரிந்து நிற்கலாம். மட்டக்களப்பில் இரவு வாழ்க்கை என்று ஒன்று மதுச்சாலைக்கும் டிஜேக்கும் எவ்வளவோ முன்னால் இருந்தது. கச்சான் கடலைக்காரர், பிளேன்ரீ வாளியோடு திரிபவர், அரைத் தூக்கத்தில் தலையாட்டும் பெரியவர்கள், களரிக்குப் பின்பக்கம் இருட்டில் கதைபேசும் பொடியன்மார் எல்லாம் அதற்குள் அடக்கம். வைகாசிப் பூரணையை ஒட்டிய கண்ணகி அம்மன் குளிர்த்தி இரவும் இதே மாதிரிச் சாட்டைத் தரும். ஆனால் சடங்கு நடக்கும் இடத்தில் கமராவையும் காதலையும் கொண்டுபோய் நுழைக்க எனக்கு மனமில்லை. கூத்துக்கு அந்தச் சிக்கல் இல்லை. அது ஆடுவதற்கும் பார்ப்பதற்கும் உள்ளது.

தேடலும் அங்கேயே கிடக்கிறது. மட்டக்களப்புக் கூத்தில் வடமோடி, தென்மோடி என்று இரண்டு பாணி; இது வடமோடிக் கூத்து, பாரதக் கதை. துரியோதனன் களரிக்குள் வருவது நடுச்சாமத்துக்குப் பிறகு. கூத்தைப் பழக்கி நடத்தும் அண்ணாவியார் மத்தளத்தோடு களரியில் நிற்கிறார், திரை பிடிக்க இரண்டு பேர் தயார், துரியோதனனைக் காணவில்லை. அவர் அன்றைக்கு இரட்டை வாக்குக் கொடுத்த ஆள்: டச்பார்க் கலியாண வீட்டில் றபான் அடிக்கவும் ஒப்புக்கொண்டு முற்பணம் வாங்கியிருக்கிறார். அவரைக் கூட்டிவரப் புறப்படுகிற பொடியன் அண்ணாவியாரின் மகன். மத்தளத்தை விட்டுவிட்டு ராப் பாடப் போவதாக அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டிருப்பவன். ஸ்கூட்டி மட்டும் அந்தப் பிள்ளையுடையது. அவளைக் கேட்காமல் எடுக்க முடியாது, அவள் சாவியைக் கொடுக்கிற வகையும் இல்லை. திரும்பி வரும்போது வடமோடிக்குரிய, கூடைபோல விரிந்து நிற்கும் கரப்புடுப்போடு துரியோதனன் ஸ்கூட்டியில் பக்கவாட்டாகக் குந்தியிருக்கிறார், கிரீடம் பிள்ளையின் மடியில். வழியில் பொலிஸ். கிரீடம் இருக்க ஹெல்மெட் ஏன் இல்லை என்று கேட்டால் துரியோதனன் என்ன சொல்வார் என்பதை எங்கள் ஆட்கள் இப்போதே ஆளுக்கொன்றாக எழுதிக் குவித்திருக்கிறார்கள்.

சாட்டைத் தருவதும் கூத்துத்தான், அந்தச் சாட்டைப் பிடித்துக்கொடுப்பதும் கூத்துத்தான். இந்த இடத்துக்காகத்தான் நான் களரிக்குப் பிடிவாதமாக நிற்கிறேன். பிள்ளை களரியை விட்டுப் புறப்பட்ட பிறகு அம்மா போன் எடுப்பார். களரியில் நிற்பதாகச் சொன்னால் பின்னால் மத்தளம் கேட்க வேண்டும். அதனால் புறப்படுமுன் பொடியன் மத்தளத்தை இரண்டு நிமிடம் தன் போனில் பதிந்துகொள்கிறான். அம்மா எடுக்கிற நேரமெல்லாம் அதைப் போடுகிறார்கள்.

“எங்க மகள் நிக்கிற?”

“களரியிலதான் அம்மா. சத்தம் கேக்கல்லியா?”

“கேக்குது, கேக்குது. மறுகா என்ன, அண்ணாவியாருக்கு இருமல் கூடிப்போச்சா? எடுக்கிற நேரமெல்லாம் இருமுறார்.”

பதிவு சுற்றிச் சுற்றி வருகிறதே! மூன்றாவது அழைப்பில் அம்மா இருமலை எண்ணத் தொடங்கிவிடுவார். இந்தப் பகிடியைக் கல்லடியிலும் அறுகம்பையிலும் வைக்கவே முடியாது. இன்னொன்றும் கூடவே வருகிறது. இருமலைக் கழித்துச் சரியான தாளக்கட்டில் வெட்டி ஒட்டுவதற்காகப் பொடியன் அந்தப் பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்க வேண்டியிருக்கிறது. அப்பாவின் கை எங்கே உருளுகிறது, எங்கே நிற்கிறது என்று அவன் வாழ்க்கையில் முதல் தடவையாகக் கவனிக்கிறான். பிள்ளையும் கூடக் கேட்கிறாள். அவனுடைய ராப்புக்கு அடித்தாளம் அதிலேயே இருக்கிறது என்று அவள்தான் கண்டுபிடிக்க வேண்டும் என்பது என் கட்சி. அதை அவனே கண்டுபிடிக்கட்டும் என்கிறார் கதை எழுதியவர். இது இன்னும் தீரவில்லை.

ஒலிபெருக்கிச் சட்டமும் களரிக்கு ஒத்துழைக்கிறது. பத்து மணிக்கு மைக்கை நிறுத்தினாலும் மத்தளமும் சல்லரியும் சதங்கையும் விடியும் வரை போகும், அந்தக் காலத்தில் மைக்கா இருந்தது? ஒலிப்பதிவுக்காரருக்கும் இதில் திருப்தி. பெட்டிக்குள்ளால் வந்து கரகரக்காத சத்தம் கிடைக்கும்.

பாட்டு உரிமையைப் பற்றி எங்கள் பக்கத்தில் யாரும் கதைப்பதில்லை, யூடியூப்பில் ஏற்றிய அன்றைக்குத்தான் முழிக்கிறார்கள். ஓரிரவு இளைஞர் படங்களுக்கு முன்னோடியான 1973 இன் ‘அமெரிக்கன் கிராஃபிட்டி’ ஏழே முக்கால் இலட்சம் டொலர் அளவில் எடுக்கப்பட்டது. அதில் பழைய பாட்டுகளின் உரிமைக்கு மட்டும் 90,000 டொலர் அளவில் போயிற்று. உரிமை கிடைக்காததால் எல்விஸ் பிரெஸ்லியின் ஒரு பாட்டும் அந்தப் படத்தில் இல்லை. எங்கள் கதாபாத்திரம் இயர்போனில் ஒரு தமிழ்ச் சினிமாப் பாட்டைக் கேட்டால் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் குறுக்கே வரும்: பாட்டை ஆக்கியவர் இறந்து 70 வருடம் வரை உரிமை உண்டு. கூத்து மெட்டும், வசந்தன் பாட்டும், மட்டக்களப்பு நாட்டார் கவியும் யாருடைய தனிச் சொத்தும் இல்லை. வேறொருவர் பதிந்த ஒலித்தட்டை எடுக்காமல், எங்கள் ஆட்களே பாடிப் பதிந்தால் போதும். கவி என்றாலே பாதி காதல்தான். வயலுக்குப் போகிறவனும் களை பிடுங்குகிறவளும் மாறி மாறிப் பாடியதை இந்த இரண்டு பேரும் வாட்ஸ்அப் வொய்ஸில் அனுப்பட்டும்.

களரிக்கு எதிராகச் சொல்லவும் விஷயம் இருக்கிறது. கூத்து பணம் கொடுத்து வரவழைக்கும் நிகழ்ச்சி இல்லை. சட்டம் கொடுத்து (ஆடுவோருக்குப் பாத்திரத்தைப் பிரித்துக் கொடுத்து), மாதக் கணக்கில் பழகி, சதங்கை அணிந்து, அடுக்குப் பார்த்து (ஒத்திகை பார்த்து), அதற்குப் பிறகு அரங்கேற்றம். எங்களுக்காக இன்னொரு தடவை ஆடு என்று யாரையும் கேட்க முடியாது. களரி ஆட்கள் கேலிப்பொருளாகத் தெரிந்துவிட்டால் படம் ஊருக்குள் வரவே முடியாது. பகிடி எங்கள் இரண்டு பேரின் தலையிலும் அம்மாவின் போனிலும் விழ வேண்டும், ஆட்டத்தில் விழக்கூடாது. துரியோதனன் களரிக்கு வந்து சேர்ந்ததும் ஓர் இரண்டு நிமிடமாவது அவர் அசல் துரியோதனனாக ஆட வேண்டும். முழு இரவுக் கூத்தைச் சுருக்கலாமா என்று தயங்கத் தேவையில்லை. 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனை மாணவர்களை வைத்து அதைச் செய்து காட்டினார், அன்றைக்கு ஆடிய மாணவர்களில் ஒருவர்தான் பின்னாளில் பேராசிரியரான சி. மௌனகுரு.

எந்தக் களரி என்பதிலும் தெரிவு இருக்கிறது. வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைக் கிராமங்களில் கூத்தின் பிடி இறுக்கம், முகங்களும் அருமை. ஆனால் வலையிறவுப் பாலம் தாண்டி உள்ளே போனால் இரவில் யானைப் பயம், ஸ்கூட்டியில் டச்பார் வரை வந்து திரும்புவது கதையிலும் நடக்காது, படப்பிடிப்பிலும் நடக்காது. சீலாமுனை பட்டணத்துக்குக் கிட்ட. கூத்து ஆய்வாளர் சி. ஜெயசங்கரும் அந்த ஊர் மக்களும் சேர்ந்து 2000களின் தொடக்கத்திலிருந்து கூத்தை மீளுருவாக்கம் செய்துவரும் இடம் என்பதால், இளைய ஆட்கள் கேள்வி கேட்டுக்கொண்டு வருவது அங்கே புதுசில்லை. சீலாமுனையிலிருந்து டச்பார், திரும்பும் வழியில் கல்லடிப் பாலம், துடுப்புக் காட்சி, மறுபடி களரி. ஓர் இரவுக்குள் அடங்கும்.

நான் இப்போது குழுவுக்கு எழுதிக் கொடுத்திருப்பது இதுதான். மாரி மாதங்களை விட்டுவிட வேண்டும். பெரும்போக அறுவடைக்குப் பிறகு கூத்துப் பழகத் தொடங்கும்போதே அண்ணாவியாரிடம் வெற்றிலை வைத்துக் கேட்க வேண்டும், கதையை ஒளிக்காமல் முழுக்கச் சொல்லி. அரங்கேற்ற இரவில் ஒரே ஒரு கமரா, சனத்தையும் ஆட்டத்தையும் மட்டும் தூரத்தில் நின்று எடுக்கும், நடிகர்கள் அன்றைக்கு வெறும் பார்வையாளர். கிட்டக் காட்சிகளை வேறோர் இரவில் இரண்டு மஞ்சள் பல்பும் பத்துப் பாயும் வைத்து எடுக்கலாம். கல்லடிக்கு ஒரு பூரணை, கலியாண வீட்டுக்கு ஒரு மாலை. இருமலை மட்டும் அண்ணாவியாரிடமே பதிந்துகொள்ள வேண்டும், அவர் சம்மதித்தால்.